கேள்வி – பதில்: கல்லீரலை மாற்ற வேண்டியது எப்போது?

சென்ற இதழில் கல்லீரல் சுருக்கத்தைப் பற்றி இரண்டே பத்திகள் எழுதியிருந்தேன். அதன்பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, "ஈரலை மாற்ற வேண்டும் என்கிறார்களே, அவசியந்தானா?" என்றே கேட்கின்றன. ஆகவே இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை நீக்கிவிட்டு ஊரை மட்டும் தந்துள்ளேன்.

கேள்வி: என் கணவருக்கு வயது 52. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை இருக்கிறது. மதுவைத் தொட்டதே இல்லை. இந்த ஆண்டு இரண்டு முறை வயிற்றில் நீர் கோத்து, பாளையங்கோட்டையில் ஊசி போட்டு எடுத்தார்கள். கல்லீரல் சுருங்கிவிட்டது, மாற்று அறுவையைப் பற்றி யோசியுங்கள் என்று மருத்துவர் சொல்கிறார். ஆனால் அவர் நடமாடுகிறார், வயலுக்குப் போய் வருகிறார். "நடமாடுகிற ஆளை எதற்கு மேசையில் படுக்கப் போட வேண்டும்?" என்கிறார் என் கொழுந்தனார். இப்போதே தேவையா? – வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: அம்மா, உங்கள் கொழுந்தனார் கேட்டதையே என் அறைக்கு வரும் பெரும்பாலான குடும்பங்களும் கேட்கின்றன. நடமாட்டம் நிற்கும்வரை காத்திருந்து, பிறகு ஆம்புலன்ஸில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டு போனால், "இந்த உடம்பு அறுவையைத் தாங்காது" என்ற பதில்தான் அங்கே பல நேரங்களில் கிடைக்கிறது. நடந்து போகக்கூடிய நிலையில் இருக்கும்போதே போய்க் காட்ட வேண்டிய இடம் அது.

வலப்பக்க விலாவின் கீழே ஏறத்தாழ ஒன்றரை கிலோ எடையில் இருக்கும் கல்லீரல், இரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதங்களைச் செய்கிறது. இரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்து வைக்கும் அல்புமினைச் செய்கிறது. குடலிலிருந்து வரும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றி, மூளைக்குப் போகாமல் காக்கிறது. ஆண்டுக்கணக்கில் புண்பட்டு ஆறி, மறுபடி புண்பட்டு ஆறி, கல்லீரல் முழுவதும் தழும்பேறிப் போவதைத்தான் சுருக்கம் என்கிறோம். மதுதான் இதற்குக் காரணம் என்று ஊரெல்லாம் நம்புகிறது. உங்கள் கணவரைப் போல, நெடுநாள் சர்க்கரையும் பருத்த வயிறும் சேர்ந்து கொண்டுவரும் கொழுப்புக் கல்லீரலும் இதே இடத்தில்தான் கொண்டு வந்து நிறுத்துகிறது. ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகள் இன்னொரு காரணம்.

தழும்பேறிய கல்லீரல் பல ஆண்டுகள் தன் வேலையைச் சமாளித்துச் செய்துகொண்டிருக்கும். அந்தக் கட்டத்தில் யாருக்கும் மாற்று தேவையில்லை. காரணத்தைக் கட்டுப்படுத்தினால் போதும். பி கிருமியை அடக்க நாள்தோறும் ஒரு மாத்திரை உண்டு. சி கிருமியைப் பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வார மாத்திரைகளே ஒழித்துவிடுகின்றன. ஆனால் வயிற்றில் நீர் கோப்பது, இரத்த வாந்தி அல்லது தார் போன்ற கறுத்த மலம், தீராத மஞ்சள், மனக்குழப்பம் ஆகிய நான்கில் ஒன்று தோன்றிவிட்டால், கல்லீரலால் இனிச் சமாளிக்க முடியவில்லை என்று பொருள். பத்தாண்டுகளுக்கு மேல் என்று கணக்கிடப்படும் சராசரி ஆயுள், இதன்பின் இரண்டு ஆண்டளவுக்கு இறங்கிவிடுகிறது. உங்கள் கணவர் இந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார்; அதனால்தான் மருத்துவர் சொல்கிறார், அவரால் நடக்க முடிகிறதா என்பதைப் பார்த்துச் சொல்லவில்லை.

இந்த நான்கில் குடும்பத்தாரின் கண்ணுக்குத் தப்புவது மனக்குழப்பம். அதைக் கண்டறிய, இரு கைகளையும் முன்னே நீட்டி, வண்டியை நிறுத்தச் சொல்லும் காவலரைப் போல உள்ளங்கையை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்வேன். கல்லீரல் தளர்ந்தவரின் கை, சில விநாடிகளில் மணிக்கட்டில் படக்கென்று மடிந்து மறுபடி நிமிரும். டவுனில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவரிடம், பற்று நோட்டைக் கொண்டு வரச் சொன்னேன். சித்திரை மாதத்துப் பக்கங்களில் எண்கள் கோட்டின் மேல் நேராக நின்றன. ஆடி மாதத்துப் பக்கங்களில் ஒவ்வொரு வரியும் கீழ்நோக்கிச் சரிந்து, 1 எது 7 எது என்று தெரியாமல், கூட்டலும் பிழையாக இருந்தது. "அப்பா பகலில் கல்லாவிலேயே தூங்கிவிடுகிறார்" என்பதற்கு மேல் அவருடைய மகனுக்கு எதுவும் தோன்றியிருக்கவில்லை.

அவசரம் எவ்வளவு என்பதை அளக்க ஒரு மதிப்பெண் உண்டு, மெல்டு என்பார்கள். மஞ்சளின் அளவைக் காட்டும் பிலிருபின், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். ஆகியவற்றோடு, இப்போது சோடியத்தையும் சேர்த்து, 6 முதல் 40 வரை கணக்கிடுகிறார்கள். பொதுவாக 15 அல்லது அதற்கு மேல் போனால், அறுவையின் ஆபத்தைவிட அறுவை செய்யாதிருப்பதன் ஆபத்து கூடிவிடுகிறது. எண் குறைவாக இருந்தும் திரும்பத் திரும்ப நீர் எடுக்க வேண்டியிருப்பவர்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். உங்கள் கணவர் அந்த வகையாகவும் இருக்கலாம்.

மாற்று மையத்துக்குப் போவதாலேயே அறுவைக்கு ஒப்புக்கொண்டதாக ஆகாது. இதயம், நுரையீரல், பல், காசநோய், புற்றுநோய் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துவிட்டு, "இப்போது வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்களும் உண்டு. அப்படித் திரும்பி வந்தவர்களைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சிதான்.

அதுவரை சாப்பாட்டில் ஒரு தவற்றைச் செய்யாதீர்கள். பத்தியம் என்ற பெயரில் பருப்பு, முட்டை, மீன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறும் கஞ்சியைக் கொடுத்தால், தொடைச் சதை கரைந்துவிடும். சதை கரைந்தவரை எந்த அறுவை மருத்துவரும் விரும்பி ஏற்பதில்லை. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். இரவு படுக்குமுன் கருப்பட்டி சேர்க்காத உளுந்தங்கஞ்சி ஒரு குவளை கொடுங்கள். வெறும் வயிற்றோடு விடியவிடக் கூடாது. குறைக்க வேண்டியது உப்பை. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டிக்கு மேல் போகக் கூடாது என்பதால், கருவாடும் ஊறுகாயும், உங்களுக்கு அடுத்த ஊரான கல்லிடைக்குறிச்சியின் அப்பளமும் விலக்கு.

கேள்வி: என் தம்பிக்கு 38 வயது. குடியால் கல்லீரல் கெட்டு, இரண்டு மாதமாக நிறுத்தியிருக்கிறான். ஆறு மாதம் குடிக்காமல் இருந்தால்தான் மாற்றுக்குப் பெயர் பதிவார்களாம். இது தண்டனையா? – வாசகர், தச்சநல்லூர்

பதில்: தண்டனை இல்லை, சட்டத்தில் எழுதப்பட்டதும் இல்லை. மையங்கள் நெடுநாளாகக் கடைப்பிடித்து வரும் ஒரு வழக்கம் அது. அதற்கு ஒரு நல்ல காரணமும் உண்டு. குடியை நிறுத்திய மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் சிலருடைய கல்லீரல் வியக்கும் அளவுக்குத் தேறி, மாற்றே வேண்டாம் என்ற நிலைக்கு வந்துவிடுகிறது. மீண்டும் குடிக்கத் தொடங்குவாரா என்பதைப் பார்ப்பது இன்னொரு காரணம். ஆனால் குடியினால் வரும் கடுமையான கல்லீரல் அழற்சியில், ஸ்டீராய்டு மருந்துக்கும் இணங்காதவர்கள் பலர் ஆறு மாதம் உயிரோடு இருப்பதில்லை. அத்தகையவர்களை, குடும்பத்தின் துணையையும் மனநல மருத்துவரின் கருத்தையும் பார்த்து, முன்கூட்டியே ஏற்கும் மையங்கள் இப்போது உள்ளன. ஆகவே ஆறு மாதம் முடியட்டும் என்று வீட்டில் வைத்திராமல் இப்போதே ஒரு மையத்தில் காட்டுங்கள். குடிக்காத நாள்களை அங்கிருந்தே எண்ணத் தொடங்குவார்கள்.

"குடித்துக் கெடுத்தவனுக்கு எதற்கு இன்னொரு ஈரல்?" என்று கேட்பவர்கள் உங்கள் உறவிலும் இருப்பார்கள். சர்க்கரை இருக்கும்போதே அல்வாவை விடாதவரிடம் நாம் அப்படிக் கேட்பதில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு மஞ்சள் காமாலை. பிலிருபின் 11 என்கிறார்கள். கீழாநெல்லி கொடுத்து வருகிறோம். இதற்கும் மாற்று அறுவை தேவைப்படுமா? – வாசகர், கடையம்

பதில்: பெரும்பாலும் தேவைப்படாது. அசுத்தமான குடிநீரால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ, ஈ இரண்டும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமாகவே இறங்கிவிடும். கீழாநெல்லிக்குக் கிடைக்கும் புகழில் ஒரு பங்கு இதனால் வந்தது. பிலிருபின் எண்ணைப் பார்த்துக் கலங்குவதைவிட, ஐ.என்.ஆர். எவ்வளவு என்று கேளுங்கள். அது ஏறிக்கொண்டே போய், அவள் பகலெல்லாம் தூங்கி வழிந்தாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, ஈறில் இரத்தம் கசிந்தாலோ, அன்றைக்கே தீவிர சிகிச்சை உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். திடீர்க் கல்லீரல் செயலிழப்பு என்னும் அந்நிலையில் நாள் கணக்கில்தான் அவகாசம் இருக்கும். காத்திருப்போர் பட்டியலிலும் அவர்களுக்கு முன்னுரிமை உண்டு. பெயர் தெரியாத சூரணங்கள் எதையும் இடையில் கொடுக்காதீர்கள், அவற்றில் சில கல்லீரலையே தாக்கக்கூடியவை.

இதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையைத் தமிழக அரசு தடைசெய்திருக்கிறது. ஆனாலும் பழைய குழல்கள் வீட்டு மாடங்களில் இன்னும் கிடக்கின்றன. அதை உட்கொண்டவர் முதல் இரண்டு நாள் ஒன்றுமே ஆகாதவர் போல இருப்பார், வீட்டாரும் தப்பித்தோம் என்று நினைத்துவிடுவார்கள். கல்லீரல் அதன்பிறகுதான் சரியும். எவ்வளவு சிறிய அளவானாலும் உடனே மருத்துவமனையில் சேர்த்துவிட்டால், பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சையினாலேயே பலரைக் காப்பாற்ற முடிகிறது.

கேள்வி: அப்பாவுக்கு மாற்று செய்யத் தேதி குறிக்கப் போகிறார்கள். எனக்கு 24 வயது, நான் கொடுக்கத் தயார். "கல்யாணம் ஆகாத பிள்ளை வயிற்றைக் கிழிக்க விடமாட்டேன்" என்று ஆச்சி சாப்பிடாமல் படுத்திருக்கிறார். என் உடம்புக்கு என்ன ஆகும்? – வாசகர், வள்ளியூர்

பதில்: தம்பி, ஆச்சியின் பயத்தை அலட்சியம் செய்யாதீர்கள், நோயே இல்லாத ஒருவரை மேசையில் படுக்க வைக்கும் அறுவை இது என்பதால், எங்களுக்கும் அந்தப் பயம் உண்டு.

பெரியவர் ஒருவருக்குக் கொடுக்கும்போது, பெரும்பாலும் கல்லீரலின் வலப்பங்கை, ஏறத்தாழ அறுபது விழுக்காட்டை எடுப்பார்கள். உங்களிடம் குறைந்தது முப்பது விழுக்காடாவது மிஞ்ச வேண்டும். அது மிஞ்சாது என்று ஸ்கேன் அளவு காட்டினால் உங்களை ஏற்கமாட்டார்கள். எடுத்த பங்கு அதே இடத்தில் முளைப்பதில்லை, எஞ்சிய பங்கு பருத்து, மூன்று மாத அளவில் ஏறக்குறைய பழைய கொள்ளளவை எட்டிவிடுகிறது. உடம்பில் வேறு எந்த உள்ளுறுப்புக்கும் இந்தத் திறமை இல்லை. பித்தப்பையும் சேர்ந்தே போய்விடும். அது இல்லாமல் வாழ முடியும். ஒரு வாரம், பத்து நாள் மருத்துவமனை. ஆறு வாரத்தில் மேசை வேலை. மூன்று மாதம்வரை கனமான பொருளைத் தூக்கக் கூடாது. அதன்பின் திருமணத்துக்கோ பிள்ளைப் பேற்றுக்கோ தடையில்லை, ஆயுள் முழுதும் மருந்தும் இல்லை.

ஆபத்து இல்லையா என்றால், உண்டு. பித்தம் கசிவது, தழும்பில் குடலிறக்கம் போன்றவை சிலருக்கு வரும். கொடையாளர் உயிரிழப்பதும், ஆயிரம் பேரில் ஒருவர் முதல் ஐந்து பேர் வரை, உலகெங்கும் பதிவாகியிருக்கிறது. இதை ஆச்சியிடம் மறைத்துச் சம்மதம் வாங்காதீர்கள்.

இரத்த வகை ஒத்துப்போக வேண்டும். சிறுநீரகத்துக்குப் பார்ப்பது போலத் திசுப் பொருத்தம் பார்க்க வேண்டியதில்லை. உங்கள் கல்லீரலில் கொழுப்பு இருந்தால், எடையைக் குறைத்துவிட்டு வரச் சொல்வார்கள். 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் மனைவி ஆகியோரும், 2011 திருத்தத்துக்குப் பின் தாத்தா பாட்டி, பேரன் பேத்தியும் நெருங்கிய உறவினர்கள். மற்றவர்கள் அங்கீகாரக் குழுவின் முன் நிற்க வேண்டும். உங்களைத் தனியாக அழைத்து, யாராவது வற்புறுத்துகிறார்களா என்று கேட்பார்கள். அறுவை அறைக்குள் நுழையும் வரை "வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் வேறொன்று தோன்றியது. மகன் கொடுக்க முன்வந்தால் வீடே கூடி அழுது தடுக்கிறது. மனைவியோ மருமகளோ முன்வரும்போது அப்படி ஒருவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டதை நான் அதிகம் பார்த்ததில்லை.

கேள்வி: வீட்டில் கொடுக்க ஒருவரும் பொருந்தவில்லை. பட்டியலில் பெயர் சேர்ப்பது எப்படி? செலவை நினைத்தாலே தூக்கம் வரவில்லை. – வாசகி, முக்கூடல்

பதில்: அனுமதி பெற்ற மாற்று மையம் ஒன்றில் சோதனைகள் முடிந்ததும், அந்த மருத்துவமனையே தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் பெயரைப் பதியும், நீங்கள் தனியாக எவரையும் பார்க்க வேண்டியதில்லை. பட்டியலில் முன்னே தள்ளிவிடுவதாகச் சொல்லி யாராவது பணம் கேட்டால், அது மோசடி.

மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பெற்றுப் பகிரும் திட்டம் தமிழகத்தில் 2008 முதல் நடக்கிறது. மாற்று அறுவையோடு தொடர்பில்லாத மருத்துவர்கள் நால்வர், ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்த பிறகே மூளைச்சாவை உறுதி செய்கிறார்கள். நம் திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலும் இத்தகைய கொடைகள் நடந்திருக்கின்றன. கொடையாளரின் உடலுக்கு அரசு மரியாதை செலுத்தும் வழக்கம் 2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது.

எடுத்த கல்லீரலைப் பன்னிரண்டு மணி நேர அளவுக்குள் பொருத்திவிட வேண்டும். சென்னை நமக்கு 600 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. நள்ளிரவில் அழைப்பு வந்தால், மறுநாள் மாலை நெல்லை எக்ஸ்பிரஸ்ஸில் புறப்படலாம் என்று இருக்க முடியாது. பட்டியலில் மேலே வந்தவர்கள் மையத்துக்கு அருகே அறை எடுத்துத் தங்குவது இதற்காகத்தான். அந்த வாடகையையும் செலவுக் கணக்கில் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.

தனியார் மருத்துவமனைகளில் இருபது லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கல்லீரல் மாற்று செய்கிறார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கான முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவையும் சேர்ந்திருக்கிறது. அட்டை இல்லையென்றால், கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டையோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். நோய் முற்றிய பிறகு இந்தக் காகிதங்களுக்காக அலைவது கொடுமை.

கேள்வி: மாமாவுக்கு மாற்று முடிந்து நான்கு மாதம் ஆகிறது. நன்றாக இருக்கிறார். இன்னும் எத்தனை நாளைக்கு மாத்திரை? மீன் சாப்பிடலாமா? – வாசகி, உவரி

பதில்: மாத்திரை ஆயுள் முழுவதும். புதிய கல்லீரலை அந்நியப் பொருளாகக் கருதி உடம்பு தாக்காமல் இருக்க டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள் வேண்டும். அளவு குறையும், நிற்காது. பன்னிரண்டு மணி நேர இடைவெளியைக் கடிகாரம் பார்த்துக் காக்க வேண்டும். நன்றாக இருக்கிறோமே என்று தாமாக நிறுத்தியவர்கள், கிடைத்ததை இழந்திருக்கிறார்கள். நல்ல மையங்களில் பத்தில் எட்டு, ஒன்பது பேர் முதல் ஆண்டைக் கடந்துவிடுகிறார்கள்; அந்த எண்ணிக்கை இந்த ஒழுங்கோடு சேர்ந்தது.

மீன் தாராளமாகச் சாப்பிடலாம், அன்றைய மீனாக, முழுதும் வெந்ததாக. வெளியே வெட்டி வைத்த பழங்களும் காய்ச்சாத பாலும் சிறிது காலம் வேண்டாம். பம்பளிமாஸை மட்டும் எப்போதும் தொடக் கூடாது. டாக்ரோலிமஸின் அளவை இரத்தத்தில் தாறுமாறாக ஏற்றிவிடும். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளும் அவருடைய சிறுநீரகத்துக்கு ஆகாது.

கேள்வி: பேரனுக்கு ஆறு வாரம். கண்ணில் மஞ்சள் இன்னும் போகவில்லை. மலம் வெளுப்பாக, சுண்ணாம்பு போல இருக்கிறது. வெயிலில் காட்டினால் சரியாகும் என்கிறார்கள். – வாசகி, களக்காடு

பதில்: இந்தக் கடிதத்துக்கு இதழ் வரும்வரை காத்திராமல், கிடைத்த அன்றே பதில் அனுப்பிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே தருகிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் மஞ்சளோடு மலமும் வெளுத்திருந்தால், பித்தநாளம் அடைபட்டிருக்கக்கூடும். பிறந்து அறுபது நாளைக்குள் கசாய் என்னும் அறுவையைச் செய்தால், பித்தம் வழிய வழி கிடைத்து, பல குழந்தைகள் சொந்தக் கல்லீரலோடேயே வளர்கிறார்கள். நாள் தவறினால் மாற்றுதான் வழி. இந்தியாவில் 1998-இல் டெல்லியில் முதன்முதலாக வெற்றி பெற்ற குழந்தைக் கல்லீரல் மாற்று இந்த நோய்க்காகச் செய்யப்பட்டதே. காஞ்சிபுரத்தைச் சேர்ந்த, இரண்டு வயது நிரம்பாத அந்தக் குழந்தைக்குத் தந்தை தம் கல்லீரலில் ஒரு பங்கைக் கொடுத்தார். குழந்தை வளர்ந்து மருத்துவரானார்.

வெயில் இதற்கு மருந்தில்லை. துணி மாற்றும்போது மலத்தின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மூன்று நாளைக்குக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, குழந்தை மருத்துவரிடம் அதைக் காட்டி, பிலிருபினில் நேரடிப் பங்கு எவ்வளவு என்று தனியே கேளுங்கள். சுண்ணாம்பு நிறம் தெளிவாகத் தெரிந்துவிட்டால் மூன்று நாள்கூட வேண்டாம், அன்றே போங்கள்.